மைதிலி அணைத்த விளக்கு

செவ்வாய்க்கிழமை காலை, கொழும்பின் காலி வீதியில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்தபோது ரமணன் அழைத்தான். எங்களோடு ஒன்றாகப் படித்தவன். "மைதிலி போயிட்டாளடி" என்றான். எங்கே என்று கேட்டேன். படப்பிடிப்புகளுக்காக அடிக்கடி மட்டக்களப்பு, மன்னார் என்று போகிறவள் அவள். அவன் அழுதபோதுதான் விளங்கியது. நான்கு நாள் காய்ச்சல். முப்பத்தொரு வயது.

வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் சனி, ஞாயிறுகளில் நடந்த திரைப்பட வகுப்பில்தான் நாங்கள் மூவரும் சந்தித்தோம். முதல் பயிற்சியன்று, கிடைத்த விளக்குகளையெல்லாம் ரமணனின் முகத்தில் திருப்பி வைத்தோம். மைதிலி எழுந்துபோய் ஒவ்வொன்றாக அணைத்தாள். மிஞ்சிய ஒன்றைப் பக்கவாட்டில் தள்ளிவைத்தாள். தட்டையாகக் கிடந்த முகத்தில் மூக்கும் கன்னமும் எழுந்து வந்தன. "இப்பதான் நீ மனுசன் மாதிரி இருக்கிறாய்" என்றாள். சாப்பாட்டுக் கடையில்கூட அவளுக்குச் சோற்றில் கவனம் இருக்காது. "அந்த ஐயாவுக்கு இந்த டியூப்லைட் பத்து வயசு கூட்டிவிடுது" என்பாள், அவருக்குக் கேட்கும்படியாகவே.

இறுதிப் படத்தை நான் இயக்கினேன். வேலைத்தலத்தில் மேற்பார்வையாளர் கொடுத்த தொல்லையை முறையிட்டதற்காக வேலையை இழந்த ஒரு பெண்ணைப் பற்றியது. கொட்டாஞ்சேனையில் இருந்தார், அக்கா என்றே அழைத்தோம். வேறிடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்ததால் முகம் தெரியக்கூடாது என்று கேட்டிருந்தார். வகுப்பில் சொல்லித்தந்தபடியே, அவருடைய வீட்டில் விளக்கை அவருக்குப் பின்னால் வைத்தேன். முகம் முழுக் கறுப்பானது. எடுத்ததைக் காட்டியபோது அவர் நெடுநேரம் பார்த்தார்.

"தங்கச்சி, நான் என்ன களவெடுத்தனானா? டிவியில பொலிஸ் பிடிச்ச ஆக்களைத்தானே இப்பிடிக் காட்டுறவை?"

"எல்லாரும் இப்பிடித்தான் எடுக்கிறவை, அக்கா" என்றேன்.

மைதிலி விளக்கை அணைத்தாள். "அவ சொல்றது சரி."

"நாலு மணிக்குக் கமராவைத் திருப்பிக் குடுக்கோணும், மைதிலி."

"குடுப்பம். ஆனா இதை எடுக்க வேண்டாம்."

எனக்குக் கடும் கோபம். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அக்காவைக் கமராவுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, அவருடைய கதிரையில் தான் போய் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு, "வீட்டில சும்மா இருக்கேக்க என்ன செய்வீங்கள்?" என்று கேட்டாள்.

"தைப்பன்."

தையல் இயந்திரத்தை ஜன்னலருகே இழுத்தோம். வெயில் மென்மையாக விழட்டும் என்று ஜன்னலில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டாள். பெட்டிகளுக்குள் வைத்து வரும் வெள்ளை நுரைப் பலகையான ரெஜிபோம் ஒன்றை என் கையில் தந்து, அதில் பட்ட வெளிச்சம் அக்காவின் கைகளுக்குத் திரும்பும்வரை அதைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் சொல்லி என்னைப் பாடாய்ப் படுத்தினாள். அக்கா முகத்தை இருட்டுப் பக்கம் திருப்பியிருந்தார். கூந்தலின் ஓரமும் ஒரு காதும் தெரிந்தன. துணியைத் தள்ளும் விரல்கள் மட்டும் தெளிவாக இருந்தன.

அக்கா மறுபடி பார்த்தார். "இது நான்தான்" என்றார். "ஆனா ஆருக்கும் தெரியாது."

அதன்பின் ஒரு மணி நேரம் கதைத்தார். அதுவரை எங்களுக்குச் சொல்லாதவற்றையும் சொன்னார். கமராவைப் பிந்திக் கொடுத்ததற்கான ஏச்சை நான் வாங்கினேன். மைதிலி பின்னால் நின்று சிரித்தாள்.

படத்தைத் திரையிட்ட அன்று அக்காவும் வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த பெண் கண்ணைத் துடைத்தபடி, "இந்தப் பிள்ளை இப்ப எங்க இருக்குதோ?" என்று அவரிடமே கேட்டாராம். "நல்லா இருப்பா" என்று அக்கா சொன்னாராம். அதைக் கேட்டபோது மைதிலிக்கு வந்த முகமலர்ச்சியை, பின்னாளில் அவள் பரிசு பெற்ற மேடைகளில்கூட நான் கண்டதில்லை.

பொரளையில் இறுதிக் கிரியைக்கு அக்கா வந்திருந்தார். மைதிலியின் தாயாருடைய கைகளைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் முன்னால், "அந்தப் படத்தில தைச்சுக்கொண்டிருக்கிறது நான்தான், அம்மா" என்றார்.

மைதிலியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம். எடுத்த காட்சியை, அதில் இருப்பவருக்கே முதலில் காட்டுவது. போன மாதம் இரத்மலானையில் ஒரு தச்சர் பார்த்துவிட்டு வேண்டாமென்று தலையாட்டினார். எரிச்சல் வந்தது. ஆனாலும் விளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து தொடங்கினேன். அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். இங்கே சொல்கிறேன்.