கண் கழுவும் குழாய்

இது நடந்தது. எனக்கு நடந்தது. பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எனக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தது. அறையில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. நான் தூங்கவில்லை. மாத்திரை எதுவும் போட்டிருக்கவில்லை. களைத்திருந்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இதைக் களைப்பின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

ரசாயனங்கள் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். முன்பெல்லாம் இதற்கு முயலைப் பிடித்து, அதன் கண்ணில் ஊற்றிப் பார்ப்பார்களாம். எங்கள் இடத்தில் அந்தக் கொடுமை கிடையாது. மனித செல்களை வளர்த்து, கண்ணின் மேல்தோல் மாதிரி ஒரு மெல்லிய படலமாக்கி, சட்டைப் பொத்தான் அளவு கிண்ணங்களில் அனுப்புவார்கள். அதன் மேல் சோதிக்க வேண்டிய திரவத்தை ஓரிரு சொட்டு விட வேண்டும். சரியாக முப்பது நிமிடம் காத்திருந்து, உப்புத் தண்ணீரில் முக்கிக் கழுவ வேண்டும். சாயங்காலம் மஞ்சள் சாயம் சேர்த்தால், உயிரோடு இருக்கும் செல்கள் அதை ஊதாவாக்கும். செத்தவை ஆக்காது. அவ்வளவுதான். யாருக்கும் வலிக்காத வேலை.

அந்த மாதம் எங்கள் பிரிவில் ஒருத்தி வேலையை விட்டுப் போய்விட்டாள். அவள் வேலையும் என் தலையில் விழுந்தது. மூன்று வாரமாக ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் காலை நீட்டலாம் என்றிருந்தேன். சனிக்கிழமை மேலாளர் கூப்பிட்டார். அவசரமாகச் சோதிக்க ஒரு மாதிரி வந்திருக்கிறது, நாளைக்கே முடித்தாக வேண்டும் என்றார். என்ன திரவம், யார் அனுப்பியது என்றெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். புட்டியில் ஒரு எண் மட்டும் இருக்கும்.

எங்கள் அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரே கதவு. கதவை ஒட்டிய மூலையில் ஒரு தொட்டி, அதில் கண் கழுவும் குழாய். கண்ணில் ஏதாவது தெறித்துவிட்டால் ஓடிப்போய்க் கழுவ வைத்திருப்பது. இரும்புக் கைப்பிடியை அழுத்தினால் இரண்டு பக்கமும் தண்ணீர் மேலே பீறிடும். கைப்பிடி அப்படி ஒரு முரடு. உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்தினால்தான் இறங்கும்.

பகல் 1:40. அந்தத் தொட்டிக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. கசிகிறது போல என்று நினைத்து, துணி எடுத்துத் துடைத்தேன்.

2:00. கிண்ணங்களில் திரவத்தை விட்டேன். கடிகாரத்தை முப்பது நிமிடத்துக்கு வைத்தேன்.

2:07. தண்ணீர் ஓடும் சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். குழாய் பீறிட்டுக்கொண்டிருந்தது. கைப்பிடி முழுதாகக் கீழே இறங்கியிருந்தது. போய் இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தினேன். கை வலித்தது.

வாசல் காவலருக்குப் போன் செய்தேன். கீழே யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

“யாரும் வரலைம்மா. ஞாயித்துக்கிழமை வேலைக்கு வர்ற பாவத்தை நீங்களும் நானும்தான் பண்ணிருக்கோம்” என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்தேன். அப்போது மணி 2:11.

2:13. மறுபடியும் தண்ணீர்.

இந்த முறை வெறும் தண்ணீர்ச் சத்தம் இல்லை. யாரோ இரண்டு கையிலும் ஏந்தி முகத்தில் அடித்துக்கொள்ளும் சத்தம். நடுநடுவே மூச்சு. வாயால் இழுத்து இழுத்து விடும் மூச்சு...

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. எனக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு இருந்தது. அதில் எனக்குப் பின்னால் இருப்பது மங்கலாகத் தெரியும்.

தெரிந்தது.

தொட்டியின் மேல் ஒரு பெண் குனிந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. எங்கள் மாதிரி வெள்ளை அங்கி இல்லை. கருநீலத்தில் முழங்கால் வரை ஒரு மேலங்கி. முடியை வலைபோட்டுக் கட்டியிருந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு.

கதவு திறந்த சத்தம் கேட்கவே இல்லை. அட்டையைத் தேய்த்தால்தான் அந்தக் கதவு திறக்கும். திறந்தால் கீச்சென்று ஒரு ஒலி வரும்.

அது வரவில்லை.

வெளியே ஓட வேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் ஓட வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு யோசனைதான் வந்தது. சீக்கிரம் கழுவிவிடுவோம். கிண்ணங்களைக் கழுவி, செல்களை வைக்கும் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடுவோம். நேரம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

2:19. இடுக்கியை எடுத்தேன். முதல் கிண்ணத்தைத் தொட்டேன்.

தண்ணீர் நின்றது.

“இன்னும் நேரம் ஆகலம்மா.”

கோபமாகச் சொல்லவில்லை. மிரட்டவில்லை. பல நாள் தூங்காத ஒருத்தி, பக்கத்தில் வேலை செய்யும் இன்னொருத்திக்குச் சொல்வது போல... அவ்வளவு சோர்வாக.

இடுக்கியை வைத்துவிட்டேன்.

தண்ணீர் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

2:22.

அவள் கழுவிக்கொண்டே இருந்தாள்.

2:25.

மூச்சுச் சத்தம் கொஞ்சம் பக்கத்தில் கேட்டது. கண்ணாடியைப் பார்க்கவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்தேன்.

2:28.

என் பிடரியில் ஈரம். வேர்வையா... தெரியாது.

2:29.

ஈரத் துணி நாற்றம்.

2:30.

கடிகாரம் அலறியது.

எப்படிக் கழுவினேன் என்று இப்போதும் தெரியவில்லை. கை தானாகச் செய்தது. கடைசிக் கிண்ணத்தை முக்கி எடுத்தபோதுதான் அறை அமைதியாக இருப்பது உறைத்தது. திரும்பினேன். யாரும் இல்லை. தொட்டி காய்ந்து கிடந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஓடிப்போய்க் காவலர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என்ன ஆச்சு என்று கேட்டார். மயக்கமாக வருகிறது என்று சொன்னேன். அடுத்தடுத்த வேலைகளுக்குக் கீழே இறங்கியபோதெல்லாம் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கதவுக்கு வெளியே நின்றார், ஏன் என்று கேட்கவில்லை. இரவு எட்டு மணிக்குச் சாயத்தைப் பார்த்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் விட்டு வைத்திருந்த கிண்ணங்கள் நல்ல ஊதா. அந்தத் திரவம் விட்ட கிண்ணங்களில் நிறமே இல்லை. ஒரு செல்கூட மிஞ்சவில்லை போலிருந்தது. கண்ணைக் கடுமையாகப் பாதிக்கும் என்று முடிவு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அறிக்கையை வாங்க ஓர் அம்மா வந்தார். தொழிற்சாலைகளைச் சோதனையிடும் அதிகாரி. மாதிரியை அனுப்பியதே அவர்தான். மேலாளர் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். முடிவைப் படித்துவிட்டு அந்த அம்மா அவராகவே சொன்னார்.

அது பாட்டில் கழுவும் திரவமாம். ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த பெண்ணின் இரண்டு கண்ணிலும் தெறித்திருக்கிறது. அவள் உடனே எழுந்து போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் குழாயைத் தேடிப் போயிருக்கிறாள். அன்றைக்குப் பார்த்து அங்கே தண்ணீர் வரவில்லை. கண் வீங்கி, தட்டுத்தடுமாறி வெளியே வந்தவள், சாலையைக் கடக்கும்போது லாரியில் அடிபட்டு இறந்துவிட்டாள்.

எப்போது என்று கேட்டேன்.

“ஒன்பது நாள் ஆச்சு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஏழு நாள்.

அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை. மேலாளர்தான் வேறொன்று கேட்டார். தெறித்த உடனே ஏன் அவள் எழுந்து போகவில்லை?

“கண்ணுல பட்டா ஒண்ணும் பண்ணாதுன்னு மேஸ்திரி சொல்லிருக்காரு. அவரு மேல தப்பு சொல்ல முடியாது. அப்படித்தான் சர்டிபிகேட் இருந்துச்சு. நீங்க குடுத்ததுதான்.”

பையிலிருந்து ஒரு நகலை எடுத்து மேசையில் வைத்தார். ஐந்து மாதத்துக்கு முந்தையது. வேறு எண், அதே திரவம். கண்ணுக்குப் பாதிப்பு இல்லை என்று இருந்தது. கீழே என் கையெழுத்து.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மகனுக்குக் காய்ச்சல், உடனே வந்து கூட்டிப்போங்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. நின்று காத்திருக்க என்னிடம் நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. கழுவிய நேரம் என்ற கட்டத்தில் முப்பது நிமிடம் முடிந்ததாகத்தான் எழுதினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையே மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனது. போகட்டும்.

ஆனால் இன்றுவரை எனக்கு விளங்காதது ஒன்று உண்டு. ஐந்து மாதத்துக்கு முன்னால் நான் அந்தக் கிண்ணங்களைப் பத்து நிமிடம் முன்னதாகவே கழுவிவிட்டேன். அப்போது அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில்கூட...

அவளுக்கு எப்படித் தெரிந்தது?