தலைமாடு இறங்கிய மதியம்

ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் தாதி. சில ஆண்டுகளுக்கு முன் என் பொறுப்பில் ஒரு கிரேன் ஓட்டுநர் இருந்தார். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்தவர். நுரையீரலில் கிருமி தொற்றி, சுவாசக் கருவியில் கிடந்தார். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போன குழாயில் பால் ஏறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கட்டிலின் தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பால் எதுக்களித்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவரோ நெட்டையான ஆள். எத்தனை முறை மேலே இழுத்துப் போட்டாலும் சரிந்து கால்மாட்டுக்கு வந்துவிடுவார்.

மதியம் பார்வையாளர் நேரத்தில் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து அவர் மனைவி வருவார். மூன்றாம் நாள், அடுத்த கட்டிலுக்கு மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பினேன். இவருடைய கட்டில் தட்டையாகக் கிடந்தது. பால் ஓடிக்கொண்டிருந்தது.

பால் ஏற்றும் பம்பை நிறுத்தினேன். தலைமாட்டை உயர்த்தி, உறிஞ்சு குழாயை வாய்க்குள் விட்டுப் பார்த்தேன். பால் வரவில்லை. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

"யாரக் கேட்டு பட்டன தொட்டீங்க? பால் நுரையீரலுக்குள்ள போனா என்னாகும்னு தெரியுமா?"

"கழுத்து ஒரு பக்கமா தொங்குச்சு மிஸ்ஸி. வலிக்குமேன்னுதான் இறக்குனேன்."

கைப்பையை அணைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றுவிட்டார். கழுத்து தொங்கியதை நான் அல்லவா முதலில் பார்த்திருக்க வேண்டும். ஒரு துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கு அண்டை கொடுத்தேன். பம்பை மறுபடி ஓடவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் நானே அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கட்டில் மடியும் இடத்தில் இடுப்பு இருக்க வேண்டும், முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சரிவது குறையும். கட்டில் கம்பியில் இருந்த கோண அளவை அவர் குனிந்து படித்தார்.

"முப்பதுக்குக் கீழ போவக்கூடாது, அப்படித்தானே?"

"பால் ஓடும்போது போவக்கூடாதுக்கா."

ஒரு வாரம் கழித்து அவர் கணவர் மறுபடியும் சரிந்திருந்தார். கட்டிலைத் தட்டையாக்கி மேலே இழுப்பதற்காக நானும் ஒரு மலாய்த் தாதியும் கட்டிலின் இரு பக்கமும் நின்றோம். எதிர்க் கட்டிலில் அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. என் கவனம் அங்கே இருக்க, விரல் இங்கே இறக்கும் பொத்தானில் இருந்தது.

"மிஸ்ஸி, பால் ஓடுது," என்றார் அந்த அம்மா, மெதுவாக.

கையை எடுத்துவிட்டேன். பம்பை நிறுத்திய பிறகுதான் கட்டிலை இறக்கினோம். அவர் சொன்னது என்ன என்று அந்தத் தாதி மலாயில் கேட்டாள். சொன்னேன். அவள் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அவள் போனதும் அந்த அம்மாவிடம் சொன்னேன். "அன்னிக்குக் கத்திட்டேன்கா. கழுத்த நான்தான் பாத்திருக்கணும்."

"நீங்க பயந்துட்டீங்கன்னு தெரிஞ்சுச்சு," என்றார். "மொதல்ல அவரத்தானே பாத்தீங்க, அப்புறந்தானே கத்துனீங்க."

பயந்தது எனக்கே தெரியாமல் இருந்தது.

அடுத்த இரண்டு வாரத்தில் சுவாசக் கருவியைக் கழற்றினார்கள். அவரைச் சாதாரண வார்டுக்கு மாற்றிய காலையில் கட்டிலை லிஃப்ட் வரை நான் தள்ளிக்கொண்டு போனேன். அவருக்கு இன்னும் எழுந்து உட்காரவே முடியவில்லை. அந்த அம்மா கணவருடைய செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தார்.