நடந்துபோன விமான மூக்கு

பசை நெடி ஏறி எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன். பின்னே, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவழைத்து, துண்டு துண்டாக நான் ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் விமானத்தின் மூக்கு, எங்கள் தீவின் ஜங்லிகாட் வீட்டு மேசைமேல் தானாக நடந்தால்? நாற்காலிமேல் ஏறிக்கொண்டு, "மாதாவே, இனி விமானமே ஒட்டமாட்டேன், புத்தியை மட்டும் திருப்பிக் கொடு!" என்று அலறினேன்.

மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். "அரே பாப்ரே! என் கண்ணுக்கும்தான் நடக்குது. நானா பசையை மோந்தேன்? இறங்குங்க கீழே" என்றபடி மூக்கைத் தூக்கிக் கவிழ்த்தாள்.

விமானம் வால்பக்கம் சாயாமலிருக்க மூக்குக்குள் ஈயக்குண்டு வைப்பார்கள். ஈயம் கிடைக்காததால், கடற்கரையில் பொறுக்கிய சின்னச் சங்கு ஒன்றை நான் திணித்திருந்தேன். அதற்குள் நண்டு குடியிருந்தது.