இஞ்சினுக்கு எடுத்த ஜாக்கெட் அளவு

அண்ணன் செத்து அஞ்சு மாசம். அவன் மாமல்லபுரம் சவாரி ஓட்டுன காரு இஞ்சின் பிளாக்கு ஒடஞ்சி வூட்டு வாசல்லயே நின்னுகினு இருந்துச்சி. அதப் பாத்து பாத்து அம்மா அழுவும். "ஞாயித்துக்கெழமக்குள்ள ஓடலன்னா காயலாங்கடைக்கு போட்ருவேன்"னு சொல்லிடுச்சி. எனக்கு அந்தக் காரு வோணும். அதுல தான் அவன் எனக்கு ஓட்ட கத்துக்குடுத்தான்.

மெக்கானிக்கு சொன்னாரு, "இந்த இஞ்சின்ல ரெண்டு தினுசு பிளாக்கு கீது. பாக்க ஒரே மாதிரி இருக்கும். கியர்பாக்ஸ் மாட்டுற பக்கம் ஓட்டைங்க மட்டும் எடம் மாறும். மாத்தி வாங்கினு வந்துட்டா சேராது." பிளாக்குலயே நம்பர் வார்த்திருப்பாங்களாம். எங்களுதுல அந்த எடமே ஒடஞ்சி போச்சு.

எங்க அண்ணி ஜாக்கெட் தைக்கிறவ. "நம்பர் இன்னாத்துக்கு, நான் அளவு எடுக்கிறேன்"னு வாசல்ல எறக்கி வச்சிருந்த பழைய பிளாக்கு மேல பேப்பர வச்சி அமுக்குனா. எண்ணெ அச்சு வுழுந்த எடத்துல ஓட்ட போட்டு வெட்டுனா. அத சுருட்டிகினு ரெண்டு பேரும் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறுனோம்.

பழைய இஞ்சின் கடைக்காரர் எங்களப் பாத்து, "எல்லாம் ஒண்ணு தான் தங்கச்சி, கண்ண மூடிகினு எடு"ன்னாரு. அண்ணி பேப்பர விரிச்சா. ஆளு விழுந்து விழுந்து சிரிச்சாரு.

"இன்னாமா, இஞ்சினுக்கு ஜாக்கெட்டா? கை வச்சதா, வைக்காததா?"

"உனக்கும் தச்சி தரேண்ணா. தொப்பைக்கு தான் துணி பத்தாது."

ஒவ்வொரு பிளாக்கு மேலயும் வச்சிப் பாத்தோம். ஒண்ணுத்துக்கும் சேரல. ஒரு பக்கம் சேந்தா மறுபக்கம் இடிக்குது. காரு போச்சுன்னு நான் அங்க கெடந்த டயர் மேல உக்காந்துட்டேன். அண்ணி பேப்பர மடிச்சா. ரெண்டு பாதியும் அச்சு அசலா ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துச்சி.

"ஐயோ, மடிச்சி வெட்டிட்டேன்டி!"

ஜாக்கெட் முதுகுக்கு ஒரு பாதி அளவு தான் எடுப்பா, மடிச்சி வெட்டுனா மறுபாதி தானா வந்துடும். அந்தப் பழக்கத்துல இஞ்சினுக்கும் இடது பாதி மட்டும் அளவெடுத்து மடிச்சி வெட்டிட்டா. கடைக்காரர் கண்ணுல தண்ணியே வந்துடுச்சி. நானும் சிரிச்சேன். அண்ணன் போனப்பறம் அப்டி சிரிச்சதே இல்ல.

வூட்டுக்கு வீடியோ கால் போட்டேன். காரு பக்கமே போவாத அம்மா, போன தூக்கிகினு பழைய பிளாக்கு மேல குனிஞ்சிச்சி.

"வலது பக்கம் ஓட்டய காட்டும்மா."

"எந்த ஓட்டடி? எல்லாமே ஓட்டயா தான கீது!"

"பெரிய ஓட்டைங்க. வெரல வுட்டுப் பாரு."

"மேல ரெண்டு ஒட்டினாப்ல கீது. கீழ ஒண்ணு தனியா ஓரமா போய் நிக்குது, உங்க அண்ணன் மாதிரி."

கடையில சுவத்தோரம் கெடந்த ஒரு பிளாக்கு அம்மா சொன்ன மாதிரியே இருந்துச்சி. இடது பக்கத்துக்கு அண்ணி பேப்பரு, வலது பக்கத்துக்கு அம்மா சொன்னது. ரெண்டும் சேந்துச்சி.

மெக்கானிக்கு மாட்டிக்குடுத்தாரு. சனிக்கெழம சாயங்காலம் அண்ணிய பக்கத்துல உக்கார வச்சி சாவிய திருப்புனேன். இருமிச்சி, அப்பறம் புடிச்சிக்கிச்சி. அம்மா வெளிய வந்துச்சி. அப்பறம் கூடைய எடுத்துகினு பின்னாடி ஏறி உக்காந்துச்சி.

"கடப்பாக்கம் போ. மீன் வாங்கணும்."

ஈசிஆர்ல நான் கியர் மாத்தும்போதெல்லாம் திட்டிச்சி. "அவன் இப்டியாடி ஓட்டுவான்?"

"இல்லம்மா, இதவிட மோசமா ஓட்டுவான்"னேன். மொதல்ல அண்ணி சிரிச்சா. அப்பறம் அம்மா.