மிஸ்டர் கெஸ்லரின் பரிசோதனை

போன ஞாயிற்றுக்கிழமை வீடு கூட்டிக்கொண்டிருந்தபோது என் கால் டெலிபோன் டைரக்டரியில் பட்டுவிட்டது.

மெல்பேர்ன் டைரக்டரி செங்கல் மாதிரி இருக்கும். விரலில் நல்ல அடி. ஆனால் நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? விரலைத் தடவவில்லை. குனிந்து டைரக்டரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து என் கணவர் பார்த்துவிட்டார்.

"எந்தப் பக்கத்தைக் கும்பிட்டனீர்? பிளம்பர்மாரின்ர பக்கத்தையோ?"

சிரித்தார். சிரிக்கட்டும். எனக்கு வெட்கமே வரவில்லை. இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. வயதான, தாடி வைத்த, மிகக் கண்டிப்பான சாட்சி. அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் தைரியமாக எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

யூதர்களின் லைப்ரரியில் யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் கடிதம் எழுதிக் கேட்டிருந்தீர்கள். ஒட்டுகிற வேலைதான். எஸ்.எஸ்.சி.யோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். (எழுதச் சொன்னால் நிறுத்த மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.) அப்படிப்பட்டவளுக்கு ஒரு லைப்ரரியின் பின்னறையைப்போல நல்ல இடம் வேறு உண்டா? பசை, தூரிகை, துணி டேப். கிழிந்ததை ஒட்டுவேன். முதுகு போன புத்தகத்துக்குப் புது முதுகு வைப்பேன். புதிதாக வந்ததற்கு எண் ஒட்டி அலுமாரியில் சேர்ப்பேன்.

கால்ஃபீல்டில், ட்ராம் பாதைக்குப் பக்கத்தில், ஒரு மண்டபத்தின் பின்னால் இரண்டே அறைகள். புத்தகங்களில் பாதி ஆங்கிலம். மீதி ஹீப்ருவும் யிட்டிஷும். யிட்டிஷ் என்பது போலந்துப் பக்கத்து யூதர்கள் வீட்டில் பேசிய மொழி. அதையும் ஹீப்ரு எழுத்தில்தான் எழுதுகிறார்கள். வலமிருந்து இடமாக. நமக்குக் கடைசி அட்டை, அவர்களுக்கு முதல் அட்டை. எழுத்துகளின் உருவம் எனக்கு இப்போது பழகிவிட்டது. அடுக்குவதற்கு அது போதும். பொருள்? ஒரு சொல்கூடத் தெரியாது.

சேர்ந்த புதிதில் ஒன்றைக் கவனித்தேன். பிரார்த்தனைப் புத்தகம் ஒன்று ஒருவரின் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தவர் தூசி தட்டவில்லை. முத்தமிட்டார். நாம் கண்ணில் ஒற்றுகிறோம், அவர்கள் உதட்டில் ஒற்றுகிறார்கள்... அவ்வளவுதான் வித்தியாசம். வேதப் புத்தகத்தின் மேல் வேறு புத்தகத்தை வைக்கமாட்டார்கள். கிழிந்து தேய்ந்து போனாலும் குப்பையில் போடமாட்டார்கள். ஓர் அலுமாரியில் சேர்த்து வைத்து, மயானத்துக்குக் கொண்டுபோய்ப் புதைக்கிறார்கள்.

ஆனால் இந்த மரியாதையெல்லாம் வேதப் புத்தகங்களுக்குத்தான். கதை, கவிதைகளுக்குக் கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மிஸ்டர் ஷுல்மனுக்கு வருவோம்.

ஃபிளிண்டர்ஸ் லேனில் காலமெல்லாம் கோட் தைத்தவர். மனைவி இறந்துவிட்டார். தனியே இருக்க முடியாமல் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். அங்கே ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு சின்ன அலுமாரி. வீட்டிலோ ஒரு சுவர் முழுக்க யிட்டிஷ் புத்தகங்கள். வீட்டை விற்றாகிவிட்டது. மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்கவேண்டும். மகளுக்கு யிட்டிஷ் வாசிக்கத் தெரியாது. பழைய பேப்பர் எடுக்கிறவனைக் கூப்பிட்டு விசாரித்தும் விட்டாளாம்.

அவர் எங்கள் லைப்ரரிக்கு வந்து சொன்னது ஒன்றுதான். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிக்காமல், ஒரே இடத்தில், ஆட்கள் கை வைக்கிற இடத்தில் வையுங்கள். ஒன்றைத் தள்ளினாலும் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துப்போய்விடுவேன்.

எங்கே எடுத்துப்போவார்? பேப்பர்காரனிடம்தான். அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னார்.

லைப்ரரியைப் பார்த்துக்கொள்பவர் மிஸிஸ் ரூத். (ரூத் என்றே கூப்பிடு என்றுதான் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. இருவருக்கும் பொதுவாக மிஸிஸ் ரூத்.) அவருக்கு அந்தப் புத்தகங்கள் வேண்டும். இப்படியொரு சேகரிப்பு இனி யாரிடமிருந்து வரப்போகிறது? ஆனால் கமிட்டியில் மிஸ்டர் கெஸ்லர் இருக்கிறாரே.

கெஸ்லர் பக்திமான். கிழிந்த வேதப் புத்தகங்களைப் புதைக்கக் கொண்டுபோகிறவரும் அவர்தான். ஷுல்மனின் புத்தகங்களில் கடவுளைக் கேலி செய்பவை இருக்கின்றன, மதகுருமாரைக் கிண்டல் செய்பவை இருக்கின்றன, வேதம் இருக்கிற வீட்டில் அவை இருக்கக்கூடாது என்றார். கடைசியில் கமிட்டி ஒரு வழி கண்டது. பெட்டிகள் வரட்டும். கெஸ்லர் ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கட்டும். பரிசோதனை முடியும்வரை எதையும் ஏற்பதுமில்லை, திருப்புவதுமில்லை.

இதைக் கேட்டபோது ஷுல்மன் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். "என்ர புத்தகம் வைக்கவும் லாயக்கில்லையாம், புதைக்கவும் லாயக்கில்லையாம்," என்றார். அவர் பேசியது யிட்டிஷ் வாடை அடிக்கிற ஆங்கிலம். நான் நம் பேச்சில் தருகிறேன்.

பெட்டிகள் பின்னறைக்கு வந்தன. வியாழக்கிழமை பரிசோதனை. பரிசோதிக்க கெஸ்லர் வந்தார். பரிசோதிப்பதைப் பார்க்க ஷுல்மன் வந்தார். நடுவில் பசைக் கிண்ணத்தோடு நான்.

இருவரும் ஒரே ஊர், போலந்தில். ஒரே தெருவாம். ஒருவர் ஜெபக்கூடத்துப் பக்கம், மற்றவர் தொழிற்சங்கத்துப் பக்கம். யுத்தத்துக்குப் பிறகு அந்த ஊரில் யூதர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பக்கங்கள் மட்டும் பத்திரமாக மெல்பேர்ன் வந்து சேர்ந்திருந்தன.

இருவரும் பேசிக்கொள்வதில்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

"பிள்ளை, அவருக்குச் சொல்லு, அந்தப் பெட்டியை மெல்லத் திறக்கச் சொல்லி." எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஷுல்மனுக்கு நான் பிள்ளை.

"அவருக்குச் சொல்லும், நானும் புத்தகம் தொட்டுப் பழகின ஆள்தான் எண்டு." இது கெஸ்லர்.

நான் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு மேசைதான். ஆனாலும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி ஆட்டுவேன். தூது போனதாகக் கணக்கு.

கெஸ்லர் சரியென்று பட்டதை மேசையில் வைத்தார். கூடாததைத் தரையில் வைத்தார்.

தரையில்! என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? நடக்கிற இடம். யாருடைய கால் எப்போது படும் என்று யார் கண்டது? எழுந்துபோய் அந்த அடுக்கைத் தூக்கி ஒரு கதிரையில் வைத்தேன். கெஸ்லர் அடுத்த கூடாத புத்தகத்தைத் தரையில் வைத்தார். அதையும் தூக்கினேன். மறுபடி வைத்தார். மறுபடி தூக்கினேன்.

"ஏன் எடுக்கிறீர்?" என்று கேட்டார்.

நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. எப்படியோ பிய்த்தெடுத்தேன். எங்கள் பழக்கத்தில் புத்தகத்தைக் கால் படுகிற இடத்தில் வைப்பதில்லை என்றேன்.

"எந்தப் புத்தகமா இருந்தாலுமோ?"

"ஓம், சேர்."

"கூடாத புத்தகமா இருந்தாலுமோ?"

"எனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே, சேர். எது கூடாததெண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?"

ஷுல்மன் இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். கெஸ்லர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுத்த பெட்டிக்குப் போனார்.

அந்தப் பெட்டியில்தான் அது இருந்தது. மெல்லிய புத்தகம். அட்டை கழன்று நூல் தெரிந்தது. அதை எடுத்ததுமே ஷுல்மன் என்னிடம் சொன்னார்: "அவருக்குச் சொல்லு பிள்ளை, அதுதான் எல்லாத்திலயும் மோசமானது எண்டு. எங்கட ஊர் அச்சுக்கூடத்தில எழுத்துக் கோத்தவன் எழுதின பாட்டு. ஒருத்தரையும் விட்டுவைக்கேல்லை. மேல இருக்கிறவரையும் விடேல்லை."

கெஸ்லர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கித் திரும்பினார். அட்டை ஒரு பக்கம் போக, புத்தகம் ஒரு பக்கம் நழுவித் தரையில் விழுந்தது.

குனிந்தார். எடுத்தார். முத்தமிட்டார்.

கை எத்தனை வருடமாகச் செய்கிற வேலை அது! விழுந்தது, எழுத்துத் தெரிந்தது, உதடு போய்விட்டது. கை மட்டும் முகத்துக்கு முன்னாலேயே அந்தரத்தில் நின்றது. தான் எதை முத்தமிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்கவேண்டும்.

அறையில் பசை காய்கிற சத்தம் கேட்டிருக்கும். நான் என் கிண்ணத்தையே பார்த்தேன்.

"எழுதினவன் இதைப் பார்த்திருக்கவேணும்," என்றார் ஷுல்மன்.

என்னிடம் இல்லை. கெஸ்லரிடம். நேராக.

கெஸ்லர் கழன்ற அட்டையை எடுத்துப் புத்தகத்தில் பொருத்தினார். பிறகு கேட்டார்: "அவன் எங்க முடிஞ்சவன்?"

"உன்ர அப்பா முடிஞ்ச இடத்திலதான். அதே நாள்."

அதற்கு மேல் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாததை நானும் இங்கே எழுதப்போவதில்லை.

கெஸ்லர் நின்றபடியே முதல் பக்கத்தை வாசித்தார். பக்கத்தைத் திருப்பினார். நான் கூடாத புத்தகங்களை மெல்லக் கதிரையிலிருந்து மேசைக்கு மாற்றி, கதிரையை அவருக்குப் பின்னால் நகர்த்தினேன். திரும்பிப் பார்க்காமலே உட்கார்ந்தார். ஓர் இடத்தில் அவருடைய தாடி ஆடியது. சிரிப்பு! அடக்கப் பார்த்தார். முடியவில்லை. அந்த வரியைச் சத்தமாக வாசித்தார். அடுத்த வரியை, புத்தகத்தைப் பார்க்காமலே, ஷுல்மன் சொன்னார்.

அந்தப் பாட்டில் என்ன இருந்தது? எனக்குத் தெரியாது. இரண்டு கிழவர்கள் கண்ணீர் வரச் சிரித்தார்கள் என்பது மட்டும் தெரியும். சிரிப்பு நின்ற பிறகும் கெஸ்லர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போகும்போது மிஸிஸ் ரூத்திடம் சொன்னார், அரைகுறையாக வாசித்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, ஒவ்வொன்றையும் முழுதாக வாசிக்கவேண்டும் என்று. தள்ளிவைத்தவற்றையும் மறுபடி பார்க்கவேண்டுமாம். முதலில் அவசரப்பட்டுவிட்டாராம்.

அடுத்த வியாழன் வந்து, பெட்டிக்குள் குனிந்தால் முதுகு வலிக்கிறது, அலுமாரியில் அடுக்குங்கள் என்றார். அடுக்கினோம். பிரிக்காமல், எல்லாம் ஒரே இடத்தில். அதற்கடுத்த வியாழன் பின்னறையில் வெளிச்சம் போதாது என்றார். அலுமாரியை முன்னறைக்கு, ஜன்னல் பக்கம் கொண்டுபோனோம். ஆட்கள் கை வைக்கிற இடம். மாதக் கடைசியில் ஷுல்மனின் மகள் சாவியைக் கொடுத்தாள். பேப்பர்காரனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கமிட்டி சும்மா இருக்குமா? எத்தனை புத்தகம் தள்ளப்பட்டது என்று கேட்டார்கள். மிஸிஸ் ரூத் என்னைக் கூப்பிட்டார். நாலு பேர் இல்லை, முழுக் கமிட்டியும் உட்கார்ந்திருந்தது. கெஸ்லர் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயந்தாரோ என்னவோ.

"இதுவரைக்கும் ஒண்டுமில்லை," என்றேன். "சேர் இன்னும் வாசிச்சு முடிக்கேல்லை."

அது உண்மைதானே?

இப்போதும் ஒவ்வொரு வியாழனும் கெஸ்லர் வருகிறார். முதியோர் இல்லத்திலிருந்து ட்ராம் பிடித்து ஷுல்மனும் வருகிறார். நேருக்கு நேர் சண்டை பிடிக்கிறார்கள், உரக்க. லைப்ரரியில் சத்தம் போடக்கூடாது என்று மிஸிஸ் ரூத் சொல்லிப் பார்த்துக் களைத்துவிட்டார். தூது போகிற என் வேலை போய்விட்டது. அந்த அலுமாரிக்கு முன்னால் இப்போது வேறு சில வயதானவர்களும் நிற்கிறார்கள். இந்த இருவரும் எதைப் பற்றி இவ்வளவு சண்டை பிடிக்கிறார்கள் என்று பார்க்க வந்தவர்கள்... வந்தவர்கள் ஒவ்வொன்றை எடுத்தும் போகிறார்கள்.

அந்த மெல்லிய புத்தகத்துக்கு நானே புது அட்டை போட்டேன். கெட்டியான அட்டை. இனி யார் கையிலிருந்தும் நழுவாது.

ஒரு புத்தகத்தைத் தடை செய்ய யாராவது வந்தால் வாசலில் நின்று சண்டை பிடிக்காதீர்கள். முதலில் உட்கார ஒரு நல்ல கதிரை கொடுங்கள்.