ஒரே எழுத்துருவில் நாற்பத்தொரு ஸ்லைடுகள்

தீட்டா எதற்குப் பயன்படுகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிம்பல் என்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து க்யூ விசையைத் தட்டினால் θ வரும், அது தெரியும். எல் தட்டினால் லாம்டா, ஒய் தட்டினால் சை, எம் தட்டினால் மியூ. ஒன்பதாம் வகுப்பின் பாதியில் பள்ளியை விட்டவள் நான். கிரேக்க எழுத்து இருபத்துநான்கையும் விசைப்பலகையைப் பார்க்காமலே அடிப்பேன்.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி ஒன்றில் இருந்த டிடிபி கடைக்கு வருவதற்கு முன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன், ஓசூரில் பொம்மைக்குக் கண் ஒட்டினேன், சென்னையில் ஒரு லாட்ஜில் துணி துவைத்தேன். அந்த இடங்கள் எதிலும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. சில இடங்களில் சாப்பாடு சரியில்லை, சில இடங்களில் ஆள் சரியில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். திருச்சியில் இறங்கியதற்கும் பெரிய காரணம் இல்லை. பஸ் அதுவரைதான் போனது.

கடையில் பெரும்பாலும் தமிழ் வேலை. உற்சவப் பத்திரிகை, அறுபதாம் கல்யாண அழைப்பிதழ், வீடு வாடகைக்கு என்ற அறிவிப்பு. முதலாளி பழைய தமிழ் எழுத்துருக்களையே வைத்திருந்தார். அவற்றில் கணினிக்குள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துதான். மேலே தமிழ் முகம் போட்டிருக்கும். எழுத்துருவை மாற்றினால் ‘ஸ்ரீமத்’ என்பது அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகச் சிதறிவிடும். உட்கார்ந்த முதல் வாரமே ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கெடுத்து அதைத் தெரிந்துகொண்டேன். அதனால் கல்லூரிப் பிள்ளைகள் பவர்பாயின்ட் ஸ்லைடு செய்யச் சொல்லி வந்தபோது சிம்பல் எழுத்துரு எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. அதே வித்தை, வேறு முகம்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். தஞ்சாவூர் ரோட்டில், காட்டூரைத் தாண்டி ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி. ஆறு வருட உழைப்பை நாற்பத்தொரு ஸ்லைடில் அடக்க வேண்டும். வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார், எல்லோர் முன்னாலும் பேச வேண்டும், அவருக்குத் திருப்தியானால் அன்றைக்கே டாக்டர். அந்த வைவாவுக்காக மூன்று நாள் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

“அக்கா, இங்க சை வரணும்.”

ஒய் தட்டினேன். திரையில் ψ வந்தது. முதலாளி எட்டிப் பார்த்தார். “என்னம்மா இது, பெருமாள் திருமண்ணைக் கொண்டுபோய்க் கணக்குல போட்டிருக்கா?”

“அது அலைச் சார்பு மாமா.”

“என்னவோ. வடகலையா தென்கலையான்னு மட்டும் பார்த்துப் போடுங்கோ.”

வைவா அன்று காலை பத்து மணிக்கு அவளிடமிருந்து ஃபோன் வந்தது. அழுகை. “அக்கா, எல்லாம் போச்சு. தீட்டா எல்லாம் க்யூவா இருக்கு. சை எல்லாம் ஒய்யா இருக்கு. ரெண்டு மணிக்கு வைவா. கைடு சார் கத்துறாரு.”

அவளுக்குப் பின்னால் அந்த சாரின் குரல் கேட்டது. “எட்டாங்கிளாஸ் படிச்சவங்ககிட்ட குடுத்தா இப்படித்தான் இருக்கும்.”

ஒன்பதாவது. அதையும் சரியாகச் சொல்லவில்லை.

முதலாளி ஃபோனை வாங்கிக்கொண்டார். “தப்பாயிடுத்து ஸார். பொண்ணு புதுசு.” நான் அங்கே சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாயை மறைத்து என்னிடம் சொன்னார்: “மன்னிச்சுக்கோங்கோன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். அவா டிபார்ட்மென்டே நம்மகிட்டதான் வரா.”

“நான் கெடுக்கலை சார்.”

“நீ கெடுத்தியா இல்லையான்னு இப்போ யாரு கேட்டா?”

“நான் கேக்குறேன்.”

பென்டிரைவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். டவுன் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து தஞ்சாவூர் ரோடு போகும் பஸ். இரண்டிலும் நின்றுகொண்டுதான் போனேன். வேலை போவது எனக்குப் பழகிய விஷயம். செய்யாத தப்போடு போவதுதான் பிடிக்கவில்லை.

துறைக்குள் நுழைந்தபோது பன்னிரண்டு ஆகப்போகிறது. வழிகாட்டிப் பேராசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்கதானா? என்ன படிச்சிருக்கீங்க?”

“ஒன்பதாவது சார். அதுவும் பாதி. நேத்து இந்த ஃபைலை யார் திறந்தீங்க?”

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். அவரே சொன்னார், கொஞ்சம் பெருமையாக. துறை வழக்கப்படி எல்லாம் ஒரே எழுத்துருவில் இருக்க வேண்டுமாம். கடையில் இரண்டு எழுத்துருவைக் கலந்து வைத்திருந்தார்களாம். நேற்றுச் சாயங்காலம் ஸ்லைடு ஸ்லைடாக மொத்தத்தையும் செலக்ட் செய்து அவர் கையாலேயே சரிபண்ணினாராம்.

“சரிபண்ணலை சார். முகத்தைக் கழட்டிட்டீங்க.”

“அது ஏதோ உங்க ஃபைல்ல இருக்கிற கோளாறும்மா.”

வாதாட நேரமில்லை. பழைய ஃபைல் என்னிடம் இருந்தது, ஆனால் அதை அப்படியே போட முடியாது. அவர் வரிசையைப் புரட்டி, பாதி வாக்கியங்களைத் திருத்தியிருந்தார். க்யூவை எல்லாம் தீட்டாவாக்கு என்று மொத்தமாக மாற்றவும் முடியாது, ஆங்கிலச் சொற்களுக்குள் இருக்கும் க்யூவும் சேர்ந்து மாறிவிடும். ஒவ்வொன்றாகத்தான்.

இந்த முறை சிம்பல் எழுத்துருவைத் தொடவில்லை. இன்செர்ட் மெனுவில் குறியீடுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அங்கே சாதாரண எழுத்துருவிலிருந்தே எடுக்கும் கிரேக்க எழுத்து உள்ளேயும் கிரேக்க எழுத்துதான். முகத்தைக் கழற்றினாலும் ஆங்கிலமாகாது. முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம். விசையைத் தட்டுவது வேகம் என்பதால் செய்யவில்லை. அது என் சோம்பல், அதை நானே சொல்லிக்கொள்வேன். கேட்காமல் கொள்ளாமல் மாற்றியது என் கை இல்லை.

அவள் பழைய ஃபைலைத் தன் லேப்டாப்பில் திறந்து வைத்து வாசித்தாள். நான் துறைக் கணினியில் போட்டேன்.

“அக்கா, மேல லாம்டா.”

“கவட்டை.”

“கீழ சிக்மா.”

“வால் வச்ச பூஜ்யம்.”

“எப்படிக்கா உங்களால விளையாட முடியுது?”

“நீ அழுதுட்டே வாசிச்சா ரெண்டு எழுத்து விட்டுப்போகும். மூக்கைத் துடைச்சுட்டுச் சொல்லு.”

ஒன்றே முக்காலுக்கு முடிந்தது. பேராசிரியரைக் கூப்பிட்டு, அவர் கண்ணெதிரே ஒரு ஸ்லைடை முழுதாகச் செலக்ட் செய்து எழுத்துருவை மாற்றிக் காட்டினேன். தீட்டா தீட்டாவாகவே நின்றது.

“இதை முதல்லயே பண்ணியிருக்கலாம்ல?”

“பண்ணியிருக்கலாம் சார். நீங்களும் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுட்டு மாத்தியிருக்கலாம்.”

வைவாவுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பேராசிரியர் வரவேற்றுப் பேசும்போது, காலையில் ஸ்லைடுகளில் சிறு குழப்பம், டைப் செய்த கடையின் தவறு, சரிசெய்தாகிவிட்டது என்றார். தேர்வாளர் தலையசைத்தார். எனக்குக் காது சூடானது.

அவள் முக்கால் மணி நேரம் பேசினாள். ஒரு வாக்கியமும் புரியவில்லை. திரையில் இருந்த எழுத்து ஒவ்வொன்றையும் மட்டும் எனக்குத் தெரியும். முடிந்ததும் தேர்வாளர், “பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்கலாம்” என்றார்.

கையைப் பாதி தூக்கினேன். மேடையிலிருந்து அவள் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துப்போனது. இன்னும் முடிவு சொல்லவில்லை, ஆறு வருடம் அந்தப் பேராசிரியரின் ஒரு கையெழுத்தில் நிற்கிறது. கையை இறக்கி முடியைக் கோதிக்கொண்டேன்.

முடிவு அறிவித்தார்கள், கைதட்டினார்கள், அவள் அப்பா அழுதார். பட்டம் வாங்கியவர் எல்லோருக்கும் சாப்பிட வாங்கித் தருவது அங்கே வழக்கம். பேராசிரியர் தேர்வாளரோடு நின்று சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் முதலாளிக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரை ஆன் செய்து, அவர்கள் நடுவில் நீட்டினேன்.

“சார், எங்க முதலாளி லைன்ல இருக்காரு. எழுத்து எப்படி மாறுச்சுன்னு சொல்லுங்க.”

“இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே.”

“அந்தப் பொண்ணுக்கு முடிஞ்சுது சார். எனக்கு முடியலை.”

தேர்வாளர் கடிப்பதை நிறுத்தினார். “என்ன மாறுச்சு?”

பேராசிரியர் உதட்டைத் துடைத்தார். என்னைப் பார்த்தார், தேர்வாளரைப் பார்த்தார், பிறகு ஃபோனை நோக்கிச் சொன்னார். “ஃபாண்டை மாத்தினது நான்தாங்க. கடையில தப்பு இல்லை.”

“அதனால என்ன ஸார், பரவாயில்லை ஸார், எங்க பேர்லயும்...” என்று முதலாளி குழையத் தொடங்கினார். கட் செய்துவிட்டேன்.

வாசலுக்கு வந்தபோது அந்தப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். கையில் காகிதத்தில் சுற்றிய இரண்டு சமோசா.

“சார்கிட்ட இப்படிப் பேசிட்டீங்களேக்கா. எனக்குப் பயமா இருக்கு.”

“இருக்கட்டும். டாக்டராயிட்டல்ல? நாளைலேருந்து நீயும் பேசிப் பழகு.”

ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தபோது ஆறு மணி இருக்கும். கடை திறந்திருந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாயைத் திறந்தார். அவர் ஆரம்பிப்பதற்குள் என் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.