அத்தைக்கு நான் போட்ட முட்டை

இரண்டாம் வகுப்பு படிக்கும்போதே எனக்கு ஒரு மாணவி இருந்தாள். அவளுக்கு வயது இருபது. என் அப்பாவின் தங்கை.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. அப்பா நிலத்தில் கடலை போடுவார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாதையோரம் கரும்பு ஜூஸ் வண்டியும் போடுவார். அத்தை ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். கூட்டம் தாங்காத ஒரு பௌர்ணமி மாலையில் உதவிக்கு வந்து நின்றவள், அப்பா மெஷினை ஓட்ட, கரும்பைச் செருகினாள். கரும்போடு கையும் போனது. அப்பா நிறுத்துவதற்குள் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் உள்ளறையைவிட்டு வெளியே வரவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தவர்கள் ஜாதகம் சரியில்லை என்று சொல்லியனுப்பினார்கள். அப்பா வண்டியை யாருக்கோ தள்ளிவிட்டார். அத்தை கூடத்துக்கு வந்தால் அவர் நிலத்துக்குக் கிளம்பிவிடுவார். அந்த வருஷம் நிலத்தில் வேலை ஜாஸ்தி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, இரட்டைக்கோடு நோட்டை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். எழுத்து கோணையாக இருக்கிறதென்று டீச்சர் பத்து முறை எழுதச் சொல்லியிருந்தார். அறைக்கதவு திறந்தது. அத்தை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு பேப்பர் கிழிச்சிக் குடுடி."

இடது கையில் பென்சிலைப் பிடித்து ஒரு 'அ' போட்டாள். போட்டு முடிப்பதற்குள் பென்சில் இரண்டு முறை கீழே விழுந்தது. அந்த 'அ' மிதிபட்ட நண்டைப் போல இருந்தது. என்னுடையது அதைவிடப் பல மடங்கு தேவலை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடுப்படியில் அம்மா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அத்தை என்னைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள், பிறகு அவளும் சிரித்தாள். இத்தனை மாதத்தில் முதல் சிரிப்பு. நான் அவ்வளவு வேடிக்கையானவள் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து நான் டீச்சர். அத்தைக்குத் தனி நோட்டு; திருத்த எனக்குச் சிவப்புப் பேனா.

"ஒழுங்கா குந்தி எழுது. கோடு தாண்டுது பாரு."

"சரிங்க டீச்சர்."

முதல் வாரம் முழுக்க முட்டைதான் போட்டேன். இடது கையால் எழுதும்போது உள்ளங்கை ஓரம் எழுத்தின்மேலேயே உரசிக்கொண்டு போகும். எழுதியதெல்லாம் அழிந்து கை கறுப்பாகிவிடும். அதற்காகவும் முட்டை போட்டேன். அத்தை நோட்டைச் சாய்த்து வைத்துப் பார்த்தாள், பிறகு உடம்பைச் சாய்த்துப் பார்த்தாள், கடைசியில் எழுத்துக்குக் கீழே கையை வைத்து எழுதும் விதம் ஒன்றைத் தானே கண்டுபிடித்தாள். காலையில் வாசலில் கோலமும் இடது கையால்தான் போட்டாள். எதிர்வீட்டு அம்மாள் பொறுக்கமாட்டாமல், "இன்னாத்துக்குமா இந்தக் கஷ்டம், பாப்பாவ போடச் சொல்லேன்" என்றார். "அதுவும் கத்துக்கட்டுங்க, நானும் கத்துக்கிறேன்" என்று அத்தை மாவை அள்ளினாள்.

ஒரு நாள் அவள் குளித்துவிட்டு வந்தபோது அறைச் சுவரில் ஒரு பலகை சாய்ந்திருந்தது. கறுப்புப் பெயிண்ட் அடித்து, ஈரம்கூடக் காயாமல். யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை, அத்தையும் கேட்கவில்லை. அப்பாவின் லுங்கியில் கறுப்புத் துளிகள் இருந்ததை நான் பார்த்தேன். சைக்கிளுக்கு ஏதோ வேலை பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் அத்தை திரும்பப் பயிற்சிக்குப் போனாள். கடைசியில் ஒரு பரீட்சை. பிள்ளைகளுக்கு நேரில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதற்கு அவளுக்குக் கிடைத்தது எங்கள் பள்ளி, எங்கள் வகுப்பு. பின்வரிசையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மையார் மார்க் போடுவதற்காக உட்கார்ந்திருந்தார். அன்றைய பாடம் மழை. அத்தை வலது கையைப் புடவைக்குள் மறைக்காமல், சாக்பீஸை இடது கையில் எடுத்துப் பலகையில் எழுத ஆரம்பித்தாள். வரி மெல்ல மேலே ஏறியது. யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான்.

எனக்கு இடம், பொருள் எல்லாம் மறந்துவிட்டது. எழுந்து நின்று கத்தினேன்: "கோடு சாயுது பாரு! அழிச்சிட்டு எழுது!"

எங்கள் டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். அத்தை திரும்பினாள்.

"சரிங்க டீச்சர்."

நிதானமாக அழித்தாள். மறுபடி எழுதினாள். இந்த முறை வரி நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது.

"யாருமா அந்தப் பொண்ணு?" என்று பின்னாலிருந்து அம்மையார் கேட்டார்.

"எனக்கு எழுதக் கத்துக்குடுத்தவங்க மேடம். ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அதன்பிறகு அத்தை மழையைப் பெய்ய வைத்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். மலைமேல் மேகம் கூடுவதிலிருந்து எங்கள் ஏரி நிரம்புவது வரை அவள் சொல்லச் சொல்ல, சிரித்த பையனே எழுந்து மூன்று கேள்வி கேட்டான். இன்றைக்கு அவள் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை. அவளிடம் படித்த பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்த்தே இன்னார் மாணவர் என்று சொல்லிவிடலாம் என்பார்கள்.

அந்தப் பரீட்சை முடிந்து சில வாரம் கழித்து ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் அப்பா நிலத்திலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை நேராக அவர் எதிரில் போய் நின்றாள்.

"அண்ணா, பாஸ் பண்ணிட்டேன்."

இந்த முறை அப்பா எங்கும் கிளம்பவில்லை. சொம்பைக் கீழே வைத்தார். சட்டென்று அத்தையின் வலது கையை, கட்டைவிரல் மட்டும் இருந்த அந்தக் கையை, தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்களில் வைத்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அது இல்லப்பா. எழுதுனது இந்தக் கை" என்று அத்தையின் இடது கையை இழுத்துக் காட்டினேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்றே தெரியவில்லை. அப்பா அந்த வலது கையை விடவுமில்லை. இவ்வளவு பெரியவருக்கு எந்தக் கை என்றுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு ரொம்பக் கவலையாக இருந்தது.